பதினொரு செக்கன்

சென்ரல் வீதியில் மரியநேசனின் ரெக்கோடிங் பாரில்
நாடா தின்னுகிற டெக் ஒன்று இருந்தது.
தொண்ணூற்றி மூன்றோ நாலோ,
கொழும்பிலிருந்து வந்த ஒரேயொரு மூலக் கசற்றை
கிட்டார் தனியாய் ஏறுகிற இடத்தில் அது கடித்தது.
கசங்கின துண்டைப் பிளேட்டால் வெட்டி
செலோரேப்பால் ஒட்டி
ஒன்றும் நடக்காததுபோல
ஊருக்கெல்லாம் பிரதி எடுத்து விற்றார்.

எனக்கு அறுபது ரூபாய்.
"பெட்டைப்பிள்ளைக்கு இந்தச் சத்தமோ" என்று கேட்டுவிட்டுத்தான்
மிச்சக்காசு தந்தார்.
மட்டையில் போட்டோக் கொப்பியின் போட்டோக் கொப்பி:
நாலு கறுப்புக் குவியல், சுற்றிவர முடி.
எது பாடுகிறவர், எது ட்ரம்ஸ்
என்று கனகாலம் எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு ஊரடங்கு.
தலையணைக்குக் கீழே வோக்மன்.
புகைக்கூண்டுகள் நிறைந்த ஏதோ ஓர் ஊரில்
வேலையில்லாத பெடியள்
கராஜுக்குள் பூட்டிக்கொண்டு போட்ட சத்தம்
உவர்மலைக்கு ஏறிவந்து
"நீயும் கத்து" என்றது.
கப்பல் உடம்பில் சம்மட்டி விழுகிறமாதிரி ட்ரம்ஸ்.
நான் கத்தவில்லை. அடுத்த அறையில் அப்பா.
காலால் மட்டும் கட்டில் சட்டத்தில் தட்டினேன்.
சொற்கள் பாதி விளங்காது.
விளங்காத இடமெல்லாம் என் சொல்லைப் போட்டேன்.
அப்போதே நானும் ஒரு கவர் வேர்ஷன்தான்.

இப்போது சனிக்கிழமைகளில்
உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் மணலில்
ரஸ்டி அங்கர்ஸ் வாசிக்கிறார்கள்.
டெரன்ஸ் பார்தலட், பாலையூற்று, பகலில் வெல்டிங்.
ட்ரம்ஸ் நவ்பீக்குக் கிண்ணியாவில் பேக்கரி;
பெரிய ட்ரம்முக்குள் அதிர்வை அடக்க
மா மூடைச் சாக்கு.
பேஸ் சிசிர, நேவியில் சமைத்தவன்.
லீட் குகராஜ் மின்சாரசபையில் மீற்றர் பார்க்கிறவன்,
கரண்ட் போனால் முதலில் அவனைத்தான் ஏசுவோம்.

அசலைப்போல இல்லை என்பார்கள்.
இல்லைத்தான்.
டெரன்ஸ் பனிக்காலத்தைப் பாடினால்
அதில் பனி இல்லை;
கார்த்திகைக் கடலுக்குப் பயந்து
வள்ளங்களைக் கவிழ்த்துப் போட்ட கரை இருக்கிறது.
நெடுஞ்சாலை என்று அவன் இழுக்கும்போது
எனக்குத் தெரிவது ஹபரணை றோட்டும்
நடுவில் நின்று வழிவிடாத யானையும்.
உச்சத்தில் குரல் உடையும்.
உடைந்ததை மறைக்க மாட்டான்.
வெல்டிங்காரன்,
பொருத்து எங்கே என்று காட்டுவான்.

போன சனி அந்தப் பாட்டு.
முன்மேசையில் வெள்ளைக் குடுமிக்காரர் ஒருவர்,
இங்கிலாந்தோ ஜேர்மனியோ,
கண்ணை மூடி, இல்லாத கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தார்.
குகராஜ் ஏறினான், ஏறி,
டக்கென்று பாய்ந்து கோரஸில் விழுந்தான்.
நாலு பேரும் ஒன்றாய், மயிரிழை பிசகாமல்.
மனிசன் வெறுங்கையோடு நடுவானில் நின்றார்.
நாங்கள், மரியநேசனின் பழைய வாடிக்கையாளர்
ஏழெட்டுப் பேர்,
சரியான இடத்தில் கை தட்டினோம்.

பிறகு அவர் போய்ப் பணிவாய்ச் சொன்னார்:
நாலு பார் விட்டுவிட்டீர்கள்.
குகராஜ் சொன்னான்:
எங்களுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.

இத்தனை வருஷமும் அசலைத் தேடவில்லையா
என்று கேட்காதேங்கோ.
கையில் இருப்பதை யாராவது தேடுவார்களா?
அன்றிரவு ஃபோனில் தேடினேன்.
பதினொரு செக்கன்.
பெரிசாய் ஒன்றுமில்லை.
அதே படி, இன்னுமொருமுறை, கொஞ்சம் மேலே,
கடைசியில் ஒரு கம்பி வளைந்து விம்முகிறது.
முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப்
பூட்டாத அறை ஒன்றை இப்போதுதான் கண்டவள்போலத்
திரும்பத் திரும்பப் போய் நின்றேன்.

நல்லாய்த்தான் இருக்கிறது. பொய் சொல்லக்கூடாது.
ஆனால் கால்
ஒவ்வொரு முறையும்
அந்த வெட்டிலேயே இறங்கிவிடுகிறது,
கட்டில் சட்டம் இல்லாத இடத்தில்.