ஈரம் படாத இடம்

"வாரு இழுத்தாப் போதும், கடிக்க வருதுங்க.
கொழுப்பேறிப் போச்சு" என்றார் அம்மாசையப்பன்.
நம்பியூரில், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்,
பிரித்துப்போட்ட பந்தல் மூங்கில்களோடு
கட்டியிருந்தது பவுனு.
செவலை நெற்றியில் முந்தாநாள் ஜிகினா.

நான் முதுகைத் தொடவில்லை.
நடத்திக் காட்டச் சொன்னேன்.
நேராக நடந்தது, குற்றம் சொல்ல முடியாதபடி.
சின்ன வட்டமாகத் திருப்பியபோது
கதவுப் பலகைபோல் திரும்பியது,
எங்கும் வளையாமல்.
பின்னுக்குத் தள்ளினால் தலையைத் தூக்கிற்று,
குளம்பு மண்ணை உழுதது.
வால் மட்டும்
இல்லாத ஈயை அடித்துக்கொண்டே இருந்தது.

"லாடக்காரருக்கும் பின்னங்கால் தரமாட்டேங்குதுங்."
"எப்பவிருந்து?"
"சித்திரை முகூர்த்தத்துக்கு அப்புறம்னு வைங்க."

பிறகு விரல்கள்.
பிடரி முடிகிற மேட்டிலிருந்து,
தண்டெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, மெதுவாக.
ஈக்குச் சிலிர்க்கும் தோல் வேறு,
அது ஒருமுறை சிலிர்த்து மறந்துவிடும்.
பதினான்காம் விலா தாண்டி
கட்டைவிரல் நின்ற இடத்தில்
முதுகு தாழ்ந்தது,
மழைநீர் தேங்கிய தார்ப்பாய்போல.
மறுபடி வைத்தேன். மறுபடி தாழ்ந்தது.
மூன்றாம் தடவை விரல் படுமுன்பே.
கண்ணுக்கு மேல் ஒரு சுருக்கம்.
அப்போதும் கடிக்கவில்லை.

"சேணம் கழட்டுறப்ப எப்படி இருக்கும்?"
"நல்லா வேர்த்திருக்குமுங்க.
இங்க மட்டும் காஞ்சு கெடக்கும், உள்ளங்கை அகலம்.
நல்ல சேணம், அந்த எடத்தைக்
காப்பாத்துதுன்னு நெனச்சனுங்."

அந்த இடத்தில்
செவலைக்குள் நாலைந்து வெள்ளை மயிர்.
முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்
மாப்பிள்ளையின் மொத்தக் கனமும்
இந்த உள்ளங்கைமேல் உட்கார்ந்திருக்கிறது.

சேணத்தை மடியில் கவிழ்த்து அழுத்தினேன்.
வெல்வெட்டுக்குள் எங்கோ
பழைய கட்டில் முனகியது.

அவர் என்னைப் பார்க்காமல் குதிரையிடம் சொன்னார்:
"மாசியில மினிடோர்லருந்து உருண்டுதுங்.
ஃபெவிகால் போட்டு, மேல புதுத்துணி தெச்சு..."
மீதியைச் சொல்லவில்லை.

ஆடி முழுக்க எப்படியும் சும்மாதான்.
ஆவணியும் வேண்டாம் என்றேன்.
ஆவணியில் நாலு மாப்பிள்ளைகள்,
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.
போனை எடுத்தார்,
யாரையும் கூப்பிடாமல் வைத்திருந்தார்.

பழைய சீட்டில் 'குணம்' என்ற கட்டத்தில்
யாரோ 'முரடு' என்று எழுதியிருந்தார்கள்.
அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவோடு நின்றேன்.

அவர் கையை நீட்டினார்.
தொடக்கூட இல்லை,
முதுகு தாழ்ந்தது.
கையை இழுத்துக்கொண்டு,
முன்பக்கம் வந்து,
நெற்றி ஜிகினாவை
நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார்.