அடிக்குப் பத்து வெள்ளி

கோலா கெட்டில் பெரிய சாலையில்
கையுறைத் தொழிற்சாலை பஸ்
என்னை இறக்கிவிட்டபோது மணி எட்டேகால்.
வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.
இரவு வேலையின் ரப்பர் வாசனை கையில் இருக்க
இடைநிலைப்பள்ளிக்கு நடந்தேன்.
கட்டொழுங்கு அறை என்று கடிதத்தில் இருந்தது.
என் மகன் அதை ஏர்கோன் ரூம் என்பான்.
பள்ளியில் அங்கே மட்டும்தான் குளிருமாம்.

சிக்கு ரோஸ்லான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.
கோபமாக இல்லை,
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.
யுகேந்திரன், படிவம் மூன்று,
கழிவறைக்குப் பின்னால்
படிவம் ஒன்று பையனை
பெல்டால் அடித்திருக்கிறான்.
முழங்காலுக்குக் கீழே, மூன்று.
அடி வாங்கியவனையே எண்ணச் சொன்னானாம்.

"அடிக்கிற பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன், புவான்.
இதுதான் புரியவில்லை" என்று
மேசைமேல் ஒரு நோட்டை வைத்தார்.
சிவப்புப் பத்து.
அடித்து முடித்ததும்
பையனின் சட்டைப் பையில் இவனே வைத்தானாம்.
வைத்துவிட்டுத் தலையைத் தடவினானாம்.
"வாயை அடைக்கவா? ஏதாவது கும்பலா?
வீட்டில் கேட்டுப் பாருங்கள்."

கேட்க என்ன இருக்கிறது.
நோட்டை நான்காக மடித்து
ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவது
என் பழக்கம்.

அவர் செம்பனை லோரி ஓட்டுகிறார்.
ஆலை வாசலில் ஆறு மணி நேரம்
வரிசையில் வெந்துவிட்டு வருகிறவரிடம்
பையனைப் பற்றி எதைச் சொன்னாலும்
கை இடுப்புக்குத்தான் போகும்.
அடியாத மாடு படியாது என்பார்.
"எண்ணுடா" என்பார்.
நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுச்
சுவரில் பல்லி தேடுவேன்.
குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும்
மைலோ டின்னுக்கு அடியிலிருந்து எடுப்பேன்.
"அப்பாகிட்ட சொல்லாத."
தலையில் ஒரு தடவல்.

முதல் தடவை அவனுக்கு எட்டு வயது.
சீனன் கடைக் கோழிமேல் கல்லெறிந்தான்.
அன்றைக்கு இரண்டு வெள்ளிதான்.
பிறகு எல்லாமே விலை ஏறியது.

போன வருடம் ஹெட்போன் கேட்டான்.
போனஸ் வரட்டும் என்றேன்.
அந்த வாரம் மட்டும் மூன்று புகார்.
முப்பது வெள்ளி.
கணக்குப் பாடத்தில் மட்டும் தேறுகிறவன்
என்று அப்போதே
எனக்கு உறைத்திருக்கலாம்.

வெளியே பெஞ்சில் அந்தச் சின்னப் பையன்.
காலுறையை முட்டிவரை இழுத்துவிட்டு
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
தின்னவில்லை, பிய்த்தான்.
முன்னால் குனிந்து நின்றேன்.
மன்னிப்பு என்று ஏதோ தொண்டைவரை வந்தது.
என் வலது கை
அவன் தலையைத் தேடிப் போயிருந்தது.
இடது கை
எனக்குச் சொல்லாமலே
கைப்பைக்குள் காசைத் துழாவிக்கொண்டிருந்தது.

இரண்டையும் இழுத்துக்கொண்டேன்.
பையன் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யுகேந்திரனுக்கு மூன்று நாள் விலக்கு.
ரப்பர் ஸ்டோர் தாண்டி, பாலம் தாண்டி
பத்தடி பின்னாலேயே வந்தான்.
வீட்டுக்குள் நுழைந்ததும்
கூடத்தில் வழக்கமான இடத்தில் நின்று
கால்சட்டையைச் சுருட்டிவிட்டான்.
அப்பா வர இரவாகும் என்று தெரிந்தும்.

"இறக்கிவிடு" என்றேன்.
"அந்தப் பையன் பேர் என்ன?"
"தெரியாது."
"அடிச்சியே, பேர் தெரியாதா?"
அவன் மைலோ டின்னைப் பார்த்தான்.
நான் அதை எடுத்து
இரண்டு பேருக்கும் கலக்கினேன்.
அடியில் இருந்ததை அவன் பார்க்கட்டும் என்று
அப்படியே விட்டேன்.
எடுக்கவில்லை அவனும்.
தம்ளர் ஆறும்வரை பேசாமல் இருந்தான். பிறகு,
"லினேஸ்னு நினைக்கிறேன்" என்றான்.

இரவு பத்தரைக்குத் திடலோரம்
லோரி பிரேக்கின் நீண்ட மூச்சு.
செருப்புச் சத்தம் படியேறுகிறது.
அவரிடம் எதை முதலில் சொல்வது,
அவர் பெல்டையா,
என் டின்னையா?