முகன்னா சுல்தான் பற்று

நேமத்தான்பட்டியில் ஒரு வீடு.
பதினேழு பங்காளிகள், ஒரே பூட்டு.
ஆடிட்டர் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
இரும்புப் பெட்டியில் பணமில்லை, பத்திரமில்லை.
பிள்ளையார் சுழி போட்டு
"முகன்னா சுல்தான் பற்று" என்று தொடங்கும்
ஒரு பேரேடு மட்டும்.

பிரபவ வருஷம் தை மாதம் அரசராகிறார்.
பட்டம் கட்டிக்கொள்ளப் பன்னிரண்டாயிரம்;
கிராம்புத் தோட்டம் ஈடு.
சுக்கிலவில் ஒரு கல்யாணம், பிரமோதூதவில் இன்னொன்று,
நடுவே ஒரு கப்பல், அதற்குப் பித்தளைப் பீரங்கி நாலு.
வந்த வட்டியில் மகமை பிடித்து
ஊர்ப் பிள்ளையாருக்கு எண்ணெய் வார்த்திருக்கிறார்கள்.

ஆங்கிரஸவில் புயல். மரங்கள் சாய்ந்தன. வாய்தா.
பவவில் அடிமைச் சந்தையை இழுத்துச் சாத்தினார்;
சுங்கம் பாதியாயிற்று.
ஓரத்தில் அடுத்தாள் சேவுகன் கையெழுத்து, சாய்வாக:
"நல்ல காரியம். வட்டி வராது."
யுவவில் தம்பியே எதிரில் துப்பாக்கி தூக்குகிறான்.
"தம்பிக்கும் நாமே கடன் கொடுத்திருப்பது
சுல்தானுக்குத் தெரிய வேண்டாம்."

தாது வருஷம் இங்கே பஞ்சம்.
அந்தப் பக்கத்தில் மை வேறு நிறம்:
"தொண்டியில் தோணி இரண்டு. பேரீச்சை முந்நூறு மூட்டை.
சுல்தான் அனுப்பியது. விலை போட வேண்டாமென்று சொல்லிவிட்டார்.
முதலாளி, அசலில் கழி என்கிறார்.
கழித்தால் அது வியாபாரம்.
கழிக்காமல் எழுதி வைக்கிறேன்."
தொகைக் கட்டத்தில் ஒன்றுமில்லை,
ஒரு சுழியம்கூட.

பிறகு வேகமாய்ப் புரள்கிறது ஏடு.
பார்த்திப என்று பெயர் வைத்த வருஷத்தில்தான்
அரசு போயிற்று; வேறு கொடி, மாதச் சம்பளம்.
அதிலும் மூன்று தவணை கட்டியிருக்கிறார் மனிதர்.
விக்ருதி, ஆவணி: "சுல்தான் மௌத்.
பெட்டியில் மூக்குக் கண்ணாடி ஒன்று,
கொட்டைப்பாக்கு அளவு அம்பர்.
வாரிசு கேட்டு எழுதியதற்குப் பதிலில்லை."
பாக்கியை அடுத்த பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள்.
அடுத்த பக்கம் காலி.

"கூட்டுவட்டி போட்டுப் பாருங்களேன்" என்றார்
சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தவர்.
போட்டேன். கைபேசித் திரையில் எண் அடங்கவில்லை.
அந்தத் தீவு இப்போது யாரிடம் இருக்கிறது என்று
இன்னொருவர் மெதுவாகக் கேட்டார்.

பஞ்சத்தில் முந்நூறு மூட்டை
தொண்டியில் என்ன விலை போயிருக்கும்?
அதை யாரும் கேட்கவில்லை.
வராக்கடன் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.
சேவுகன் விட்ட கட்டத்தை நானும் விட்டுவிட்டு
கை கழுவ எழுந்தேன்.