பக்கம் நாற்பத்தொன்று

கட்டு நூல் அறுந்த பணிப்பதிவேடு
மேசைமேல் விரிந்து கிடக்கிறது.
சு. பேராச்சி, முதன்மைக் கல்வி அலுவலர்.
இந்த முப்பதோடு ஓய்வு.
கருத்துரு திங்கட்கிழமை சென்னைக்குப் போக வேண்டும்.

அங்க அடையாளம்: இடது முழங்கையில் தழும்பு.
எப்படி வந்ததென்று எழுதக் கட்டமில்லை.

திசையன்விளையில் இடைநிலை ஆசிரியை.
பிறகு நாங்குநேரி.
பிறகு, யாரோ கோபத்தில் பேனாவை அழுத்தியதுபோல், களக்காடு.
நாலு பிள்ளைகள் படித்த பள்ளியை
மூட மறுத்ததற்குக் குறிப்பாணை,
ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம்.
பள்ளி என்ன ஆனது என்பது
பதிவேட்டின் வேலை அல்ல.

பக்கம் நாற்பத்தொன்று.
தொண்ணூற்றிரண்டு நவம்பர், சீவலப்பேரி, தலைமையாசிரியை.
ஈட்டிய விடுப்பு பதினொரு நாள்.
சொந்தக் காரணம்.

அந்தப் பதினொரு நாளும் எனக்குத் தெரியும்.
ஆறு வகுப்பறைக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது.
சேர்க்கைப் பதிவேடு
செங்கலுக்குப் பிசைந்த மண்போல இருந்தது.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
ஒரு புது நோட்டோடு
வீடு வீடாக ஏறி இறங்கினார்.
"இவன் எப்ப பொறந்தான்?"
அம்மா சொன்னாள்:
"கெழங்கு பிடுங்குன சமயம். மழ பொய்ச்ச வருசம்."
அவர் விரல்விட்டு எண்ணினார்,
ஒருமுறை அடித்தார்,
எழுதினார்.

ஆதாரில் அந்தத் தேதிதான்.
இந்த நாற்காலி தந்த ஆணையிலும் அதுதான்.
அதன்படிதான் ஒருநாள் நானும் எழுந்துபோவேன்.

'பணிக்காலமாகக் கருதலாம்' என்று
குறிப்பு எழுதி அவர் அறைக்குக் கொண்டுபோனேன்.
என் ஊரைச் சொல்லவில்லை.
இரண்டு முறை படித்தார்.
"பதினொரு நாளுக்கு எவ்வளவு வரும்?"
சொன்னேன்.
"சவத்த விடுங்க.
இயக்குநர் ஆபீசுல ரெண்டு மாசம் கெடக்கும் கோப்பு.
ஆலங்குளத்துல ஒரு டீச்சருக்குப் பேறுகால விடுப்பு
இன்னும் கையெழுத்தாகாம இருக்கு, அத மொதல்ல கொண்டாங்க."

கொண்டுபோனேன்.
பேனாவில் மை திட்டுத்திட்டாக வந்தது.
என் பேனாவை வாங்கிப் போட்டார்,
திருப்பித் தர மறந்துவிட்டார்.

மணி ஐந்தே முக்கால்.
வெளியே பாளையங்கோட்டை பஸ்ஸுகளின் இரைச்சல்.
பக்கத்து மேசை எழிலரசியிடம் பேனா கடன் வாங்கி
நாற்பத்தொன்றின் ஓரத்தில்
'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினேன்.

விடுப்பு, பதினொரு நாள்.
சொந்தக் காரணம்.
சரிதான்.