முனை முப்பத்து மூன்று

என் ஆய்வேட்டில் நுணாத்திடலுக்குப் பெயரில்லை.
முனை முப்பத்து மூன்று.
அதற்கப்பால் கம்பி போகாது,
கருவைக்காடு, சேறு, கடல்.

துணைமின் நிலையத்தை விட்டு
நிறைந்துதான் கிளம்புகிறது.
மோட்டாருக்கு மோட்டார் மெலிந்து
நானூற்றுப் பதினைந்து
முந்நூற்று நாற்பதாக வந்து சேர்கிறது இங்கே.
"கடைமடைங்க. தண்ணியும் அப்படித்தான், கரண்டும் அப்படித்தான்"
கம்பத்திலிருந்தபடி சொன்னார் லைன்மேன் வேதரத்தினம்.
எனக்கு அதைச் சொல்ல மூன்று சமன்பாடுகள் தேவைப்பட்டன.

தஞ்சாவூர் ஆய்வகத்திலிருந்து
ஆறு ஸ்மார்ட் மீட்டர்கள்,
மடியில் இரண்டு, காலடியில் நான்கு.
திருத்துறைப்பூண்டி வரைக்கும் லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
அன்றிலிருந்து கால் மணிக்கு ஒரு வரி,
வாய்க்கால் தண்ணீரைச் சம்பா வயலுக்கு ஏற்றும்
ஆறு மோட்டார்களும்
விடுதி அறைக்கு எழுதிக்கொண்டே இருந்தன.

புரட்டாசி பதினொன்று, அதிகாலை இரண்டேகால்.
மீட்டர் மூன்று: இருநூற்று எழுபத்தெட்டு வோல்ட்,
ஆம்பியர் மும்மடங்கு.
அப்புறம் பூஜ்யம். ஒன்பது நாள் பூஜ்யம்.

பிழை என்றது நிரல். அழிக்கவா என்று கேட்டது.
அழித்தேன்.
ஒன்பது நாள் பள்ளத்தை
அக்கம்பக்கத்துச் சராசரியால் நிரவினேன்.
கோடு அழகாக வந்தது.
கருத்தரங்குக்கு அனுப்பினேன்.

ஐப்பசியில் சிம்கார்டு மாற்றப் போனேன்.
அஞ்சம்மாள் வரப்பில் நின்று கேட்டாள்:
"எல்லாத்தையும் எழுதி வச்சிக்கும்னியே இந்தப் பொட்டி,
என் காயில் எரிஞ்சத எழுதிச்சா?"

அவர்களுக்குள் முறை உண்டு.
ஒருவர் நிறுத்தினால் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால்.
ஒரே ஒரு மணி. எடுக்கக் கூடாது.
அன்றைக்குக் கலியபெருமாள் ஊரில் இல்லை,
மகன் முறை தெரியாமல் சுவிட்சைப் போட்டான்,
அவனைப் பார்த்து இன்னொருவர்.
ரீவைண்டிங் நாலாயிரத்து எண்ணூறு,
லோடு ஆட்டோ தனி.
நாற்று பாதி போச்சு என்றாள்,
பாதி என்று கையால் காட்டினாள்.

எரிந்த மோட்டாரை
ஒன்பது நாள் ஓட்டியிருக்கிறேன் கணினியில்.

வரியைத் திரும்பச் சேர்த்தேன்.
பிழை விழுக்காடு இரண்டு, ஐந்தானது.
"இது என்ன பள்ளம்?" நெறியாளர் கேட்டார்.
அஞ்சம்மாள் என்று வாய்வரை வந்தது.
"சுருள் எரிந்தது சார்" என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
"அப்ப இருக்கட்டும்" என்றார்.
தேவை மேலாண்மை அத்தியாயத்தை
முதலிலிருந்து எழுத வேண்டும்.
அதில் மிஸ்டு காலை எந்தக் குறியீட்டால் எழுதுவது
என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்றிரவு இரண்டு பத்துக்கு
என் போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது.
அவள் போனில் நான் 'மீட்டர் ஜெமிலா'.
அடுத்த பெயர் முருகையன், மீட்டர் நான்கு.
இருட்டில் விரல் ஒரு வரி மேலே பட்டிருக்கும்.

திருப்பி அழைத்தால்
மோட்டார் கொட்டகையை விட்டு நடந்திருப்பாள்.
கள ஏட்டில் முருகையன் எண்ணைத் தேடினேன்.
ஒரு மணி கொடுத்து வைத்துவிட்டேன்.

தூங்கவில்லை. திரையைத் திறந்து வைத்துக்கொண்டு
அடுத்த வரிக்குக் காத்திருந்தேன்.

இரண்டே காலுக்கு மூன்று பூஜ்யம், நான்கும் பூஜ்யம்.

இரண்டரை.
மூன்று: பூஜ்யம்.
நான்கு: ஓடுகிறது.
முந்நூற்று நாற்பத்தொன்று வோல்ட்.