இரண்டு விரல்

நாற்பத்திரண்டு மீட்டர்.
ஏறும்போது நான் எண்ணுவதில்லை.
எண்ணினால் முப்பதாவது மீட்டரில்
முழங்கால் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கிவிடும்.

மொக்கொட்லோங்குக்கு மேலே,
பனி விழுந்து மூன்றாம் நாள்.
வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது.
மீதித் தூரத்துக்கு ஒரு மட்டக்குதிரை,
ஒரு பையில் கேபிள் சுருள்,
மறுபையில் மல்டிமீட்டரும் பாதி ரொட்டியும்.
குதிரைக்காரர் வழி நெடுக வாய் திறக்கவில்லை.
கோபுரம் கண்ணில் பட்டதும் கேட்டார்:
"டெக்னீஷியன் பின்னால் வருகிறாரா?"

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.
கம்பெனியின் படிவத்திலேயே
'திரு.' என்று அச்சடித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.
அதை அடித்துவிட்டு எழுதுவேன்: ந்தோஃபீலா.
எங்கள் மொழியில் 'வெறும் பொருள்'.
எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை.
சாவு வந்து எட்டிப் பார்த்தால்
'இது எதற்கு' என்று திரும்பிப் போகட்டும் என வைத்த பெயர்.
சாவு திரும்பிப் போனது.
மற்றவர்களும் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்,
கல்லூரியில், நேர்முகத் தேர்வில்.

மசேருவில் தொலைத்தொடர்பு வகுப்பு.
முப்பத்தொரு பேரில் நாங்கள் இருவர்.
கெனெவே இரண்டாம் பருவத்தோடு நின்றுவிட்டாள்.
அலைநீளக் கணக்கை
எனக்குப் புரியவைத்ததே அவள்தான்.
பயிற்சிக் கோபுரம் நின்ற மேட்டில்
பகல் முழுக்க ஒதுங்க ஒரு மறைவு கிடையாது.
காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்
எத்தனை நாள் ஏறுவாள்?
பதிவேட்டில் எழுதினார்கள்:
'சொந்தக் காரணங்கள்.'

வேலையில் சேர்ந்ததும் அன்பாகச் சொன்னார்கள்,
"நீ ஏன் ஏறிக் கஷ்டப்படுகிறாய்,
அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொள்."
திட்டினால் திருப்பித் திட்டலாம்.
அன்பை என்ன செய்வது?

பாதுகாப்புப் பட்டையோ
யாரோ ஒருவனின் இடுப்புக்குத் தைத்தது.
கடைசி வரை இழுத்து மாட்டினாலும்
இரண்டு விரல் தளர்வு.
தரையில் இரண்டு விரல் ஒன்றுமில்லை.
கொள்முதல் பிரிவுக்கு மூன்று கடிதம் போட்டேன்.
நான்காவதில் ஒரே வரி:
பட்டை வரும்வரை ஏற மாட்டேன்.
மின்னல் அடித்து இரண்டு கோபுரம் ஊமையாயின.
ஏறத் தெரிந்த மற்றவர்
கால் ஒடிந்து கிடந்தார்.
ஒன்பதாம் நாள் பட்டை வந்தது,
என் அளவில், நீல நிறத்தில்,
கூடவே ஒரு குறிப்பு: 'கவனமாகப் பயன்படுத்தவும்.'

இன்று மேலே பழுது சின்னதுதான்.
இணைப்புக்குள் தண்ணீர் புகுந்து உறைந்திருந்தது.
கையுறையைக் கழற்றி, ஊதி, துடைத்து,
புதுமுனை வைத்து முறுக்கி, டேப் சுற்றினேன்.
இவ்வளவுதான்.
வேலையில் வீரம் கொஞ்சம், துருதான் அதிகம்.

பிறகு கீழே பார்த்தேன்.
கம்பளிக் கொட்டகை வாசலில் நின்றவர்கள்
எல்லோரும் ஒரே நேரத்தில்
சட்டைப் பையில் கை விட்டார்கள்.
மூன்று நாள் செய்தி
மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது.
மேலே எனக்குச் சத்தம் கேட்கவில்லை.
ஒருத்தி போர்வையை இழுத்துக்கொண்டு
படித்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.
நல்ல செய்தியா இல்லையா தெரியவில்லை.
அது என் வேலையும் இல்லை.

இறங்கியபோது காத்திருந்தாள் இன்னொருத்தி.
என் வயதுதான்.
விரலெல்லாம் ஆட்டுக் கொழுப்பின் பிசுக்கு.
பயமாக இல்லையா என்று கேட்கவில்லை.
புருஷன் விட்டானா என்றும் கேட்கவில்லை.
"எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்றாள்.

சொன்னேன், பிடித்தம் போக.
உதடு அசைய மூட்டைக் கணக்கில் மாற்றிப் பார்த்தாள்.
மறுபடி ஒருமுறை பார்த்தாள்.
"வயது வரம்பு இருக்கிறதா?
கல்லூரியில் தங்க இடம்?
கணக்குப் பாடம் எந்த மட்டும் வேண்டும்?"
ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.
மறைவு கட்டிவிட்டார்களா என்று அவள் கேட்கவில்லை.
நானே சொன்னேன்:
"கட்டிவிட்டார்கள். தாழ்ப்பாள் இன்னும் இல்லை."

சிரித்தாள்.
பிறகு என் பட்டையை வாங்கி
போர்வையைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டு
அந்தக் குளிரில் மாட்டிப் பார்த்தாள்,
வாரை இழுத்து,
இடையில் விரல் நுழைகிறதா என்று.