கதவு பூட்டியிருந்தது

செல்லூரில் பத்தொன்பது வருஷம்
மீட்டர் கணக்கெடுத்தவள் நான்.
நாயைத் தாண்டி, சைக்கிளை நகர்த்தி,
தறிச் சத்தத்துக்குள் எம்பி நின்று
எண்ணைப் பார்ப்பேன், அட்டையில் எழுதுவேன்.
"எதுக்குக்கா இம்புட்டு வந்திருக்கு?"
"ஆபீசுல கேளுங்க."
எண்ணுக்கு அர்த்தம் சொல்வது என் வேலையில்லை.

இப்போது என் எண்களை
ஆளுக்கு ஆள் வாசிக்கிறார்கள்.

மூன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.
எடுத்த பதினாலு நெறிக்கட்டியில் நாலு.
இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.
கூட்டல் நல்லதா கெட்டதா என்று
ராத்திரி இரண்டே முக்காலுக்குப்
போர்வைக்குள் போனைத் தேய்க்கிறேன்.
நல்லது என்கிறது ஒரு பக்கம்.
அதன் அடியிலேயே ஓர் ஆனால்.
அந்த ஆனாலைத் தொட்டால் இன்னொரு பக்கம்,
அதற்குள்ளும் ஓர் ஆனால்.
ஐந்து வருஷத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் என்று
பொம்மை மனிதர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்,
நீலத்தில் கொஞ்சம், சாம்பலில் கொஞ்சம்.
நான் எந்த வரிசை என்று விரல் வைத்துத் தேடினேன்.
ஒரு பொம்மைக்கும் தலைமுடி இல்லை.

பகலில் சொந்தக்காரர்கள்.
முள்சீத்தா இலையைக் கொதிக்க வை என்கிறாள் நாத்தனார் இந்திராணி.
அது ஈரலுக்கு ஆகாதும்மா என்கிறான் அவள் மகனே.
சர்க்கரையை நிறுத்து. பாலை நிறுத்து. அழுவதை நிறுத்து.
ஓசூரிலிருந்து கொழுந்தன் நாற்பது நிமிஷ வீடியோ அனுப்பினார்,
"முழுசாப் பாருங்க அண்ணி, கடைசியிலதான் விஷயமே."
பார்த்தேன்.
கடைசியில் ஒரு டப்பா பொடி, விலை, போன் நம்பர்.

டாக்டர் பேசியது பதினோரு நிமிஷம்.
எட்டுத் தடவை "சரிங்க டாக்டர்" என்றேன்.
வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்,
என்ன சொன்னாங்க?
பேனாவின் மூடி பச்சை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

பூட்டிய வீட்டுக்கு எங்கள் இலாகாவில் ஒரு வழி உண்டு.
கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப்
போன தடவைத் தொகையையே போட்டுக்கொள்ளலாம்.
போன தடவை என்றால், ஆடி மாசம்.
எடை ஐம்பத்தெட்டு,
முழங்கால் வலிக்கு ஒரு களிம்பு,
வேறொன்றும் இல்லை.
அதையே போட்டுக்கொள்ளுங்களேன்.

நேற்று ஊசி போடும் வார்டு வராந்தாவில்
உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மா
மஞ்சப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.
"படிச்ச புள்ள மாதிரி இருக்க.
என்ன போட்டிருக்காக, வாசி தாயி."

வாசித்தேன், வாய்க்குள்.
எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.
பத்து வாரத்துக்கு முன்னால்
ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.
ஒரு வரியில் கண் கொஞ்சம் நின்றுவிட்டது.
அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை,
என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கிழமை வரணுமாம்.
வெறும் வயித்தோட வர வேணாம், சாப்பிட்டே வரலாம்."

"அம்புட்டுத்தானா?
ரெண்டு பக்கத்துக்கு அடிச்சிருக்காக."

"மத்தத உள்ள கேளுங்க" என்றேன்.
பத்தொன்பது வருஷப் பழக்கம்.

அவள் காகிதத்தை நாலாக, எட்டாக மடித்தாள்,
இனி மடிக்க முடியாது என்கிறவரை.
செய்தது சரியா என்று போனில் தேடிப் பார்க்கலாம்.
அதற்கும் பக்கங்கள் இருக்கும்.
பையை இடுக்கிக்கொண்டு
அவள் கேட்டாள்:

"ஒனக்கு என்ன போட்டிருக்காக?"

"எனக்கு வியாழக்கிழமை" என்றேன்.